ஐந்நூற்றுப் பதினைந்து கிராம் படுக்கை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கூரியர் ஆபீஸ். அங்கே இருக்கும் தராசுக்குப் பின்னால்தான் பதினோரு வருடமாக என் உத்தியோகம். விழுப்புரத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், அடுத்தவர்கள் கொண்டுவருவதை நிறுத்துப் பார்த்து, சாயங்காலம் திரும்பி வருவேன். “ஒரு கிலோகூட இருக்காது சார்” என்று சொல்லாமல் பார்சலை நீட்டியவரை நான் பார்த்ததில்லை. தராசு எப்போதும் அதற்கு மேல்தான் காட்டும். அதனால் யார் எந்த எடையைச் சொன்னாலும் நான் நம்புவதில்லை. இந்தக் குணத்துக்கு வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

போன வருடம் ஜூன் மாதம் என் மனைவிக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். குனிந்து கனம் தூக்கக் கூடாது, வெறுந்தரையில் படுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆகஸ்ட்ல வேளாங்கண்ணிக்கு நடக்கலாங்களா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேன் படத்தைப் பார்த்தேன்.

“நடக்கறதுல பெருசா பிரச்னை இல்லம்மா. நடந்துட்டுப் போய் சிமெண்டுத் தரையில படுப்பீங்க பாருங்க, அதுதான் பிரச்னை. பைய லேசா வெச்சிக்குங்க. வலி கால்ல இறங்கிச்சின்னா அந்த எடத்துலயே நிறுத்திடணும்.”

எங்கள் கோயிலிலிருந்து வருடா வருடம் நாற்பது பேர் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். ஒரு வாரப் பயணம். விடியுமுன் கிளம்பிப் பதினோரு மணி வரை நடை. வெயில் உச்சிக்கு வந்ததும் ஏதாவது கல்யாண மண்டபத்திலோ ரைஸ் மில்லிலோ படுத்து எழுந்து, மூன்றரைக்கு மறுபடியும் நடை. உருப்படியான தூக்கம் என்பது அந்த மத்தியானத் தூக்கம்தான். முன்னால் ஒரு மினி லாரி போகும். அதில் அண்டா, அரிசி மூட்டை, ஜெனரேட்டர், மாதா சொரூபம் எல்லாம் ஏறும்; படுக்கை மட்டும் ஏறாது. அவரவர் படுக்கை அவரவர் தோளில். ஒரு வருடம் பாவம் பார்த்து ஏற்றப் போய், கடைசியில் மாதாவுக்கே இடமில்லாமல் போய்விட்டதாம். அதிலிருந்து இந்தச் சட்டம். அதை மாற்ற யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அவள் ஆறு வருடம் நடந்திருந்தாள். இது ஏழாவது, கடைசி வருடம். வேண்டுதல் ஏழு வருடத்துக்கு.

அந்த வேண்டுதலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மகளுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் ஏதேதோ அணுக்கள் குறைந்து, புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மனைவி உள்ளே மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வராந்தாவில் நின்று, “தாயே, பிள்ளையைக் கொடுத்துடு, ஏழு வருஷம் உன்கிட்ட நடந்து வர்றேன்” என்று வேண்டிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் பக்கம் போகிற ஆள் நான். பயம் வந்தால் மனுஷன் வாரி வழங்குவான். பத்து நாளில் மகள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

அந்த வருட ஆகஸ்ட் வந்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கிய பார்சல் எல்லாம் ஆபீஸ் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. இல்லை என்று அவர்கள் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவள்தான் காவிப் புடவையை எடுத்தாள்.

“வூட்ல யாரோ ஒருத்தர் நடந்தா சரி. யாரு காலுன்னு மாதா குனிஞ்சி பாக்கப் போறாங்களா?” என்றாள்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. புருஷன் வேண்டியதைப் பெண்டாட்டி நடக்கலாம், அம்மா வேண்டியதை மகன் நடக்கலாம். ஆறு வருடமும் நான் செய்தது, அவளைக் கோயில் வாசலில் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டது மட்டும்தான். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும், “கால் வலிகூட ஒண்ணுமில்லீங்க, அந்தத் தரை இருக்குதே, இடுப்புல குத்திக்கினே இருக்குது” என்று சொல்வாள். நான் தைலத்தை எடுத்துக் கொடுப்பேன்.

அதனால்தான் டாக்டர் சொன்ன அன்றைக்கே, படுக்கையைத் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இந்த ஒன்றிலாவது குறை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். நல்ல படுக்கை கிடைத்தால் அவள் நடந்துவிடுவாள், ஏழும் முடிந்துவிடும்.

முதலில் மெத்தைக் கடையில் சுருட்டு ஃபோம் பார்த்தேன். எடை ஒன்றுமேயில்லை, ஆனால் சுருட்டினால் பால் கேன் பருமன். கூரியரில் இதற்கு இடத்தை அளந்துதான் காசு வாங்குவோம். தோளுக்கும் அதே கணக்குத்தான். யோகா பாய் வாங்கிப் போட்டோம். அவள் ஒருக்களித்துத்தான் படுப்பாள். ஐந்து நிமிடத்தில், “இது இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்” என்று எழுந்துவிட்டாள். மெடிக்கலில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான காற்று மெத்தையைக் காட்டினார்கள். அதற்குக் கரண்ட் வேண்டும், மோட்டார் வேண்டும்.

அப்போதுதான் மகள் போனில் ஒன்றைக் காட்டினாள். மலையேறுகிறவர்கள் முதுகுப் பையில் கொண்டுபோகிற காற்றுப் படுக்கை. காற்றைப் பிடுங்கிச் சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்துவிடுகிறது. அந்தப் படங்களில் எல்லோரும் பனிமலைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பண்ருட்டி ரோட்டில் காவிப் புடவையோடு படுக்கிறவர் படம் ஒன்றுகூட இல்லை.

முதலில் வந்தது தலையணையோடு கூடியது. காலால் மிதித்தே காற்றடிக்கலாம். எழுநூறு கிராம் என்று போட்டிருந்தார்கள். திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். தொள்ளாயிரத்து இருபது. எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான். அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவதை நானே தேர்ந்தெடுத்தேன். படுக்கைக்குப் படுக்கை ‘ஆர் வேல்யூ’ என்று ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. நான் ஐந்து போட்டதை வாங்கினேன்.

“அப்பா, அது குளிர் தாங்கறதுக்குப்பா” என்றாள் மகள்.

“இருக்கட்டுமே. கூட இருந்தா நல்லதுதானே.”

மார்க் ஷீட் பார்த்தே வளர்ந்த புத்தி, கூட இருப்பதுதான் நல்லது என்று நினைக்கும். எடையும் சரியாக இருந்தது. ஹாலில் விரித்து, மூச்சு முட்ட ஊதினேன். சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பது மாதிரி கட்டை விரலால் அமுக்கி, கல் மாதிரி ஆகும் வரை விடவில்லை. எங்கள் ஊரில் காற்று என்றால் கல் மாதிரிதான் இருக்க வேண்டும். அவள் படுத்தாள். அந்தப் பக்கம் உருண்டு தரையில் விழுந்தாள். மறுபடி ஏறிப் படுத்தாள். திரும்பும்போதெல்லாம் உள்ளே இருந்த வெள்ளித் தாள் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவதுபோலச் சத்தம் போட்டது. அவள் உடம்புச் சூட்டை அது அவளுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

“இட்லி மாதிரி வேவுதுங்க. இத்தப் போட்டுப் படுத்தா நாப்பது பேரும் என்னை ஏசுவாங்க” என்றாள்.

மகள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதுவும் திரும்பிப் போனது. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

குயிலாப்பாளையத்தில் என் மனைவியின் சின்னம்மா மகள் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறாள். விஷயத்தைக் கேட்டதும், “இதுக்கா பேஜாரு பட்டுக்கினு இருக்கீங்க மாமா? இங்க தங்கறவங்க வுட்டுட்டுப் போனதே அலமாரியில மூணு நாலு கெடக்குது. வந்து படுத்துப் பாருங்க” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம்.

விடுதி ஓனர் அம்மா அனுமதி கொடுத்திருந்தார். நான் முதல் படுக்கையை எடுத்து ஊத ஆரம்பித்தேன். கன்னம் உப்பி, கண் சிவந்து நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போதும் மாமா, வெடிச்சிடப் போவுது. அவங்க யாரும் இப்படி அடிக்க மாட்டாங்க. முழுசா அடிச்சிட்டு, மேல படுத்துக்கினே கொஞ்சம் கொஞ்சமா காத்த வுடுவாங்க. இடுப்பு பதியணும், ஆனா தரையில இடிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

சிவப்புத் தரையில் விரித்த படுக்கையில் மனைவி ஒருக்களித்துப் படுத்தாள். நான் மண்டிபோட்டு, படுக்கைக்கு அடியில் அவள் இடுப்பு இருக்கும் இடத்தில் கையை நுழைத்தேன். மச்சினி மூடியைத் திறந்து திறந்து மூடினாள். புஸ், புஸ் என்று காற்று போகப் போக என் விரல்மேல் அவள் இடுப்பெலும்பு இறங்கி வந்தது. “இப்ப இடிக்குதா மாமா?” என்றாள். “இல்ல” என்றேன். “இப்ப?” “கிட்ட வந்திடுச்சி.” “போதும், மூடுடி” என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை எடுத்த பிறகும் அந்த எலும்பு விரலில் இருந்தது.

அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். “இது போதுங்க” என்றாள்.

அலமாரியில் இருந்ததில் ஒரு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அதனால் அதே மாதிரியில் புதிது ஒன்று வரவழைத்தோம். வெள்ளித் தாள் கிடையாது. துணி மாதிரி மேல்பக்கம், வியர்வை ஒட்டாது, சத்தம் போடாது. இரண்டரை அங்குல உயரம், ஆறடி நீளம். ஆறடியா ஐந்தடியா என்று அதற்கே நான் மூன்று நாள் யோசித்தேன். கால் வெளியே நீட்டினால் குதிகால் வலிக்குமே என்று ஆறடி போட்டேன். இரட்டை மூடி: மேல் மூடியைத் திறந்தால் ஊதலாம், காற்று திரும்பி வராது, அடி மூடியைத் திறந்தால் ஒரே மூச்சில் மொத்தமும் போய்விடும். அந்த அடி மூடியை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினேன். உறை, ஒட்டுத் துணி எல்லாம் சேர்த்துத் தராசில் ஐந்நூற்றுப் பதினைந்து கிராம். போட்டிருந்ததைவிடப் பதினைந்துதான் கூட. பதினோரு வருடத்தில் இவ்வளவு நாணயமான பார்சலை நான் பார்த்ததில்லை.

“படுக்கையத்தான் ஆறு தபா நிறுத்தீங்க. பைய நிறுத்தீங்களா?” என்று கேட்டாள் மனைவி. நிறுக்கவில்லை.

ஆகஸ்டில் வழக்கம்போல் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். லீவு அந்த வருடமும் கேட்கவில்லை. படுக்கை வாங்கிக் கொடுத்ததே நடந்த மாதிரி எனக்குப் பட்டது. முதல் நாள் மத்தியானம் போன் செய்தாள். “நல்லா தூங்கினேங்க” என்றாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் சிதம்பரத்துக்கு முன்னால். “தூக்கம் நல்லாத்தான் இருக்குது” என்றாள். குரலில் ஏதோ ஒரு இழுப்பு. ஆபீஸ் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் காலை ஆபீசில் ஷட்டரைத் தூக்கும்போது போன் வந்தது.

“கால்ல இறங்கிடுச்சிங்க. இடது கால் மரத்துப் போயி, ஊனறது தெரியல. டாக்டர் சொன்ன மாதிரி நிறுத்திட்டேன். வர்றீங்களா?”

அவளை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தைலம், மாத்திரை, இடுப்பு பெல்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று மூன்று பஸ். வழியெல்லாம் காவிக் கூட்டங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தன. ஏழாவது வருடம் இப்படிப் போயிற்றே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. படுக்கையில் ஏதாவது தப்பு செய்துவிட்டேனோ, இன்னும் அரை அங்குலம் உயரமாக வாங்கியிருக்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூட ஒரு அம்மா துணைக்கு. மற்றவர்கள் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. ரோட்டு ஓரத்தில் ஒரு செங்கல் இருந்தது.

“ஆட்டோ பேசறேன், சிதம்பரம் போய் அங்கிருந்து கார்ல போயிடலாம்” என்றேன்.

அவள் செங்கலைக் காட்டினாள்.

“அந்தக் கல்லு வரிக்கும் நான் நடந்துட்டேன். அத்தத் தாண்டி ஒரு அடிகூட வைக்கல. நடை வுட்டுப்போவக் கூடாது, வுட்ட எடத்துலருந்து அடுத்தவங்க எடுக்கணும்னு சொல்லிக்கிறாங்க. அதான் உங்களை வரச் சொன்னேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நான் பேன்ட் சட்டையில் இருந்தேன். ஆபீஸ் செருப்பு போட்டிருந்தேன். இன்னும் மூன்று நாள் நடை மிச்சம் இருந்தது.

“ஆபீஸ்ல சொல்லலியே” என்றேன். சொன்ன பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது.

“போன்ல சொல்லுங்க” என்றாள். “ஜல்தியா நடங்க, வெயில் ஏறிக்கினு இருக்குது. நான் இவங்களோட ஆட்டோவுல மண்டபத்துக்குப் போறேன்.”

செங்கல்லுக்குப் பக்கத்தில் காலை வைத்துக் கிளம்பினேன். பாலம் முடியவே மாட்டேன் என்றது. ஆற்றில் மணல்தான் அதிகம், ஒரு ஓரமாகத் தண்ணீர். பாதி தூரத்தில் செருப்பு வார் தோலை உரித்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டால் தார் சுட்டது, திரும்பவும் போட்டுக்கொண்டேன். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் ஆறடிப் படுக்கையைக் குறுக்கே போட்டு, மூன்று பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் இடுப்பு மட்டும் படுக்கைமேல். தலை ஒரு பக்கத் தரையில், கால் மறு பக்கத் தரையில். கல்யாண வீட்டில் பாயைக் குறுக்கே போட்டு ஆளை அடுக்குவார்களே, அது மாதிரி. ஆறடியா ஐந்தடியா என்று நான் யோசித்த மூன்று நாள் நினைவுக்கு வந்தது.

“முதல் நாள்லருந்தே இப்படித்தான் போட்டுக்கினு இருக்கோம்” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. “இடுப்பு எனக்கு மட்டுமா இருக்குது?”

அந்தப் பெண்கள் எழுந்துகொண்டார்கள். அவள் படுக்கையை ஈரத் துணியால் துடைத்து, ஆண்கள் பக்கம் கொண்டு வந்து நீளவாக்கில் விரித்தாள்.

“உனக்கு?” என்றேன்.

“வண்டியில வர்றவளுக்கு இன்னாத்துக்கு? எனக்குத்தான் மாத்திரையும் பெல்ட்டும் வாங்கினு வந்துட்டீங்களே. படுங்க.”

சாப்பிட்டது நினைவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டேன். அது நல்ல படுக்கை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருக்களித்துப் படுத்த இடுப்பு பதிந்தது, இடிக்கவில்லை. கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி தூரத்தில் வலித்துக்கொண்டிருந்தன.

திடீரென்று நான் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். புஸ் என்ற சத்தம் காதருகில். தோள் தரையைத் தொட்டது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பெலும்பு நேராகப் போய்ச் சிமெண்டில் முட்டியது. கண்ணைத் திறந்தேன். தலைமாட்டில் மனைவி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த அடி மூடியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மூணரை ஆவப்போவுது. எல்லாரும் கிளம்பிட்டாங்க, எழுந்திரிங்க.”

என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. காற்றுப் போன துணி மட்டும் அடியில் இருந்தது. ஒரு பக்கமாகத் திரும்பினேன், அங்கேயும் தரை. ஆறு வருடம், ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம், எனக்குப் பதிலாக அவள் இதில்தான் படுத்திருக்கிறாள்.

“தரை குத்துதா?” என்று கேட்டாள்.

“குத்துது.”

“அத்தத்தான் ஆறு வருசமா சொன்னேன். நீங்க தராசத் தூக்கினீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. படுக்கையைச் சுருட்டி உறையில் போட்டு, உறையைப் பையில் வைத்து, பையை என் முதுகில் மாட்டிவிட்டாள். கனமாகத்தான் இருந்தது. எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. வாசலில் கூட்டம் நகரத் தொடங்கியிருந்தது. அவள் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னைப் போகச் சொன்னாள்.